அத்தை திருப்பினால் மட்டும்

பிப்ரவரி 3, திங்கள்

காலை முதல் வகுப்பு வழக்கம்போல அத்தைக்கு. வீட்டு கேட்டைத் தாண்டி ஸ்டியரிங்கை ஒடித்தார், வண்டி முனகியது. பிரேக் சத்தம் இல்லை, பெல்ட் கத்தலும் இல்லை. தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பதுபோல நீளமாக ஒரு "ம்ம்ம்". அத்தை இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டார்.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா."

என் பக்கத்துப் பிரேக்கை மிதித்தேன். அதற்குத்தானே எனக்கென்று தனியாகப் பெடல் போட்டிருக்கிறது.

அடுத்து வந்த வங்கிக்காரப் பெண் திருப்பினாள், ஒன்றுமில்லை. நர்ஸ் திருப்பினார், ஒன்றுமில்லை. நான் திருப்பினேன், வெண்ணெய் மாதிரிப் போனது.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்றும் அதே கதை. அத்தை திருப்பினால் மட்டும். மற்றவர்களிடம் பரம சாது.

எனக்கு இருப்பது ஒரே கார். பெண்களுக்கு மட்டும் ஓட்டச் சொல்லித்தரும் என் பள்ளி மொத்தமும் அதற்குள்தான் இருக்கிறது. அதில் அத்தைதான் வயதில் மூத்த மாணவி. பெற்ற மகனே, அதுதான் என் வீட்டுக்காரர், 'அம்மாவுக்கு எதுக்கு இந்த வயசுல' என்று சொன்ன பிறகும் வந்து சேர்ந்தவர். லைசென்ஸ் டெஸ்ட்டில் இரண்டு முறை கோட்டைவிட்டவர். மூன்றாவது டெஸ்ட் பத்தொன்பதாம் தேதி. இந்த நேரம் பார்த்தா இந்த முனகல்?

பிப்ரவரி 6, வியாழன்

மதியம் வண்டியை ஸ்பேனரிடம் கொண்டுபோனேன். எனக்கு இரட்டைப் பெடல் போட்டுக்கொடுத்த மெக்கானிக், ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. அத்தையும் கூட வந்தார். ஸ்பேனர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தார். "சத்தமே இல்லையே டீச்சர். யார் ஓட்டும்போது வருது?"

அத்தை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கினார்.

ஸ்பேனருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடைசி வரைக்கும் திருப்பி அப்படியே அழுத்திப் பிடிச்சா ஸ்டியரிங் பம்ப் முனகத்தான் செய்யும்மா."

அது உண்மைதான். முதல் நாளே எல்லோருக்கும் நான் சொல்லிக்கொடுக்கிற பாடம். ஆனால் அத்தை அப்படிப் பிடிப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அங்கே வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் வேறு, "உன்னப் பாத்து வண்டிக்கே பயம் வந்துருச்சு போலம்மா" என்றார். அத்தையும் சேர்ந்துதான் சிரித்தார். பிறகு தட்டைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "டெஸ்ட் வேண்டாம்மா. உன் பொழப்பே அந்த வண்டிலதான் இருக்கு. நான் அதக் கெடுத்துட்டா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரி 8, சனி

அத்தை வகுப்புக்கு வரவில்லை. முட்டி வலியாம். முட்டியாவது வலியாவது! நேற்றும் இதே சாக்கு. நேற்றாவது எல்லா வகுப்பையும் ரத்து செய்துவிட்டு வண்டியையே எடுக்காமல் இருந்தேன். இன்று அந்த நேரத்துக்கு நர்ஸை வரச் சொல்லியிருந்தேன், அவரைக் கூட்டிவர நானே வண்டியை எடுத்தேன். கேட்டில் ஒடித்தேன்.

"ம்ம்ம்."

அப்படியே நிறுத்திவிட்டு ஸ்டியரிங்மேல் தலை சாய்த்துச் சிரித்தேன். இத்தனை நாளாக என் மரமண்டைக்கு ஏன் இது ஏறவில்லை? இரவெல்லாம் குளிரில் நின்ற வண்டி, முதல் திருப்பத்தில் முனகுகிறது. வங்கிக்காரப் பெண் வந்து உட்காருவதற்குள் சூடேறிவிடுகிறது. ஊரின் மறுகோடியில் இருக்கும் ஸ்பேனர் பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கேட்கவே வேண்டாம். அத்தை செய்த ஒரே குற்றம் முதல் வகுப்பை எடுத்துக்கொண்டது.

வீட்டுக்குள் ஓடினேன். "அத்தை, வெளிய வாங்க."

"முட்டி..."

"முட்டியையும் எடுத்துக்கிட்டே வாங்க."

கேட்டருகே அவரை நிற்கவைத்து, மறுபடி திருப்பிக் காட்டினேன். கேட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் சிரிப்பா அழுகையா என்று நான் ஆராயவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஸ்பேனர் பட்டறையிலேயே வண்டியை விட்டுவிட்டு வந்தேன். "ராத்திரி முழுக்க நிக்கட்டும். காலைல நான் வர்ற வரைக்கும் சாவியத் தொடக் கூடாது." சரி டீச்சர் என்றார், பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே.

பிப்ரவரி 10, திங்கள்

வகுப்புகளை மாலைக்குத் தள்ளிப்போட்டுவிட்டு, நானும் அத்தையும் பஸ்ஸில் போனோம். ஸ்பேனர் ஸ்டார்ட் செய்தார், திருப்பினார். "ம்ம்ம்."

"அட" என்றார். அந்த ஒரு 'அட' எனக்குப் போதும், மாலை மரியாதை வேண்டாம்.

ஸ்டியரிங் எண்ணெய்த் தொட்டியைத் திறந்தார். சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை. வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினார், குழாய்களைத் துணியால் துடைத்துப் பார்த்தார். எங்கேயும் கசிவு இல்லை. "அப்போ பம்ப்தான் போயிருக்கு. சொல்லிவிட்டா வர மாசக் கடைசி ஆயிடும். அதுவரைக்கும் வண்டிய ஓட்டாதீங்க, நடு ரோட்டுல ஸ்டியரிங் கட்டையாயிடும்."

மாசக் கடைசியா? டெஸ்ட் பத்தொன்பது. வேறு எந்த வண்டியிலும் அத்தை உட்கார்ந்ததுகூட இல்லை. இதை விட்டால் நாலாவது முறை கிளம்ப அவருக்கு மனசு வராது. இன்று மட்டும் என்ன, நான் இழுத்துக்கொண்டு வந்ததால்தான் வந்தார்.

எதிரே இருந்த பேக்கரியில் போய் உட்கார்ந்தோம். அத்தை ஜூஸை உறிஞ்சினார், சளக் சளக்கென்று சத்தம். காகிதக் குழல் நடுவில் ஊறிப் பிளந்திருந்தது.

"உறிஞ்சினா வெறும் காத்துதான் வருது, பாரு" என்று தூக்கிக் காட்டினார்.

நான் மேஜையைப் பார்த்தேன். குழல் பிளந்திருக்கிறது, மேஜையில் ஒரு சொட்டு இல்லை. உறிஞ்சுகிற பக்கம் ஓட்டை இருந்தால் உள்ளே இருப்பது வெளியே சிந்துவதில்லை, வெளியே இருக்கும் காற்றுதான் உள்ளே போகிறது. போனால் நுரைக்காதா?

ஜூஸை முடிக்கக்கூட விடாமல் அவரை இழுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். "தொட்டிலேருந்து பம்ப் உறிஞ்சுற ரப்பர் குழாயப் பாத்தீங்களா?"

"அதுல கசிவே இல்லையே டீச்சர்."

"இருக்காது. காத்து உள்ள போகுதானு பாருங்க."

ஸ்பேனர் வாதாடவில்லை. அதனால்தான் அவரை எனக்குப் பிடிக்கும். ஒரு கை கிரீஸை எடுத்து, அந்தக் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பைச் சுற்றிச் சந்து இல்லாமல் அப்பினார். "இன்னிக்கு ராத்திரியும் நிக்கட்டும். நாளைக்குத் தெரிஞ்சுரும்."

மாலை வகுப்புகளும் ரத்து. இருக்கட்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

குளிர்ந்த வண்டி. ஸ்டார்ட். திருப்பினார். சத்தம் இல்லை.

கிரீஸைத் துடைத்துவிட்டுத் திருப்பினார். "ம்ம்ம்."

பம்ப் இல்லை! குழாயைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ரப்பர் கட்டைபோல விறைத்திருந்தது, கிளாம்ப்பும் தளர்ந்திருந்தது. குளிரில் சுருங்கி வழி விடுகிறது, சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்கிறது. எனக்குப் பெருமை. யார் படிக்கப்போகிறார்கள், இன்னொரு முறையும் எழுதிக்கொள்கிறேன்: பெருமை.

புதுக் குழாய், புதுக் கிளாம்ப், புது எண்ணெய். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கியாயிற்று. உள்ளே மாட்டிய காற்று வெளியேற ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் மெதுவாகத் திருப்ப வேண்டுமாம். ஸ்பேனர் என்னைக் கூப்பிடவில்லை. "அம்மா, நீங்க ஏறி உக்காருங்க" என்றார்.

"திருப்பினா இவ திட்டுவா."

"இன்னைக்குத் திருப்பலேன்னாதான் திட்டுவேன்."

அத்தை திருப்பினார். தொட்டியில் குமிழ் குமிழாகக் கிளம்பியது. ஸ்பேனர் குனிந்தபடியே "இன்னும்... இன்னும்..." என்றார். குமிழ் அடங்கும்வரை அத்தை திருப்பிக்கொண்டே இருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"நீங்க ஜூஸ் குடிக்கலேன்னா டீச்சர் பம்ப்ப மாத்திருப்பாங்கம்மா" என்றார் ஸ்பேனர். தான் சொன்ன பம்ப்பை எவ்வளவு சாமர்த்தியமாக என் தலையில் கட்டிவிட்டார்! போகட்டும், இன்று யார் மேலும் எனக்குக் கோபம் வராது.

பிப்ரவரி 12, புதன்

முதல் வகுப்பு. கேட்டில் ஒடித்தார். நிசப்தம். முட்டி வலி சரியாகிவிட்டதாம்.

பிப்ரவரி 19, புதன்

டெஸ்ட். இவர் லீவு போட்டுவிட்டு வந்து, சுவரோரமாக யாரோ மாதிரி நின்றார். அத்தை கண்ணாடியை இறக்கி, கோடிவரை ஒருமுறை திருப்பிக் காது கொடுத்துக் கேட்டார். "என்னம்மா பண்றீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். "வண்டி நல்லா இருக்கானு பாக்கிறேன் சார். நீங்க ஏறலாம்."

முடிவு மாலையில்தானாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக்குப் போனோம், பக்கத்து ஊர். எல் போர்டை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டேன். அத்தைதான் ஓட்டினார். பின்சீட்டிலிருந்து இவர் "மெதுவாம்மா, லாரி வருது" என்றார்.

"எனக்கும் கண்ணு இருக்கு. பேசாம வாடா."

நான் பக்கத்து சீட்டில், பழக்கதோஷத்தில் என் பெடல்மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாலம் வந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை.

கண்ணைத் திறந்தால் நாத்தனார் வீட்டு வாசல். இவர் இறங்கிப் போயிருந்தார். அத்தை இன்ஜினை நிறுத்திவிட்டு, என்னை எழுப்ப மனமில்லாமல் சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் செருப்பு இரண்டும் பெடலுக்குக் கீழே கிடந்தன. கால்களை மடக்கி சீட்டின்மேல் வைத்துத் தூங்கியிருக்கிறேன்.