ஃப்ளோட்டுக்குள் என் அறை

ஜூன் 7, சனி

காலையில் தோசைக்கு நடுவில் வெற்றி சொன்னார்: "ஃப்ளோட்டை வித்துடலாம், கண்மணி." சட்னிக்கு உப்பு போதவில்லை என்று சொல்கிற அதே குரல்.

எங்கள் மகள் தாரிணி குதிரைப் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் வாங்கிய குதிரை டிரெய்லர், இந்த ஊர்ப் பேச்சில் ஃப்ளோட். பின்பக்கம் இரண்டு குதிரை நிற்கலாம். முன்பக்கம் ஒரு குட்டி அறை: கட்டில், கேஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி, மடக்கு மேசை. முக்கியமாக, உள்ளே தாழ் உள்ள கதவு. போட்டி நடக்கும் ஊர்களில் நாங்கள் மூவரும் அதிலேயே படுத்துக்கொள்வோம். இப்போது தாரிணி இந்த நாட்டின் தென்கோடியில், டனீடனில், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். குதிரையை அவள் கிளம்பும் முன்பே விற்றாயிற்று. ஃப்ளோட் மட்டும் இங்கே த்ரீ கிங்ஸில் எங்கள் வீட்டு வாசல் ட்ரைவ்வேயை அடைத்துக்கொண்டு நிற்கிறது. "சும்மா தானே நிக்குது, ஹாஸ்டல் பணத்துக்காவது ஆகும்" என்கிறார்.

சும்மாவா நிற்கிறது?

தாரிணி போனதும் அவள் அறை எனக்கு என்றுதான் பேச்சு. திரைச்சீலைகூட வாங்கி மாட்டினேன். பதினைந்து நாள் தங்குகிறேன் என்று வந்த வெற்றியின் சித்தப்பா மகன் மதன்குமார், போன வருடத்திலிருந்து அந்தத் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்குகிறான். ஹாலில் வெற்றியின் ஆபீஸ் மீட்டிங், ஸ்பீக்கரில். சமையலறையில் மதனின் கிரிக்கெட், அதுவும் ஸ்பீக்கரில். ஆஸ்பத்திரி லேபில் நாளெல்லாம் மெஷின் இரைச்சல் கேட்டுவிட்டு வருகிறவள் எங்கே போவாள்? "துணி காயப் போட்டுட்டு வரேன்" என்று ஃப்ளோட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். இந்த ஊர் குளிர்காலத்தில் வெளியே துணி காயாது என்பது வீட்டிலிருக்கும் இரண்டு ஆண்களுக்கும் இன்னும் உறைக்கவில்லை.

விற்கிறாராம். விற்கட்டும் பார்க்கலாம்.

ஜூன் 9, திங்கள்

விலை மாநாடு. வெற்றியின் மனதில் இருபத்துநாலாயிரம் டாலர். "எப்படியும் பேரம் பேசுவாங்க" என்று முப்பது போடலாம் என்றார். மதன் குறுக்கே வந்தான். "முப்பத்திரண்டு போடுங்கண்ணே. இறங்கி வர இடம் வேணும்ல?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "முப்பத்தஞ்சா போடுங்க. விலை கம்மியா இருந்தா ஏதோ கோளாறுன்னு நினைப்பாங்க."

இருவரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். முப்பத்தைந்தே போட்டாயிற்று.

இந்த ஊர்க்காரர்கள் ஐநூறு, ஆயிரம் குறைத்துக் கேட்பார்களே தவிர, பத்தாயிரத்துக்கெல்லாம் மல்லுக்கு நிற்க மாட்டார்கள். விலையைப் பார்ப்பார்கள், கட்டுப்படியாகாவிட்டால் பேசாமல் நகர்ந்துவிடுவார்கள். இத்தனை வருடம் இங்கே குப்பை கொட்டியும் இவர்களுக்கு அது தெரியவில்லை. நான் எதற்குச் சொல்லித் தர வேண்டும்?

ஜூன் 15, ஞாயிறு

ஒருவரும் கூப்பிடவில்லை. வெற்றி விளம்பரத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார். நான் ஃப்ளோட் கட்டிலில் காலை நீட்டி முறுக்கு தின்றேன்.

ஜூன் 18, புதன்

என்னைக் கேட்காமலே முப்பதுக்கு இறக்கிவிட்டார். உடனே போன் வருகிறது. சனி, ஞாயிறில் ஆள்கள் பார்க்க வருவார்களாம்.

மதன் காலண்டரைப் பார்த்துக்கொண்டே வந்தான். "அண்ணி, சனிக்கிழமை ஒன்பதுல இருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம். அப்ப யாரையும் வரச்சொல்ல வேணாம்."

"அது சென்னை நேரமா, நம்ம நேரமா?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

பையன் ஆடிப்போய்விட்டான். பிறகு அவனே வழியும் கண்டுபிடித்தான். "எதுக்கு வம்பு? ரெண்டையும் விட்டுருவோம்." இந்த ஊர் ராகு காலம், சென்னை ராகு காலம், இரண்டு ஊர் எமகண்டம், குளிகை எல்லாம் போக வார இறுதியில் மிஞ்சியது கொஞ்சநஞ்ச நேரம்தான். வெற்றி தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் தம்பியை மீறி நல்ல காரியத்தில் கை வைக்கப் பயம். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் ராகு இவ்வளவு நல்லவர் என்று தெரியாமல் போயிற்றே.

ஜூன் 21, சனி

ராகுவுக்குத் தப்பி ஒரு கணவன் மனைவி கூமியூவிலிருந்து வந்துவிட்டார்கள். வெற்றி ஃப்ளோட்டில் இருக்கும் குட்டி ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். நான் பின்பக்கம் தரையில் விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கிக் காட்டினேன். "இந்த மூலையில பலகை ஊறிப்போயிருக்கு. குதிரை காலை வச்சா என்ன ஆகுமோ." மழையில் கூரை ஜன்னல் சொட்டுவதைச் சொன்னேன். பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுப்பதைச் சொன்னேன். வண்டி ரோட்டில் ஓடத் தகுதி என்று தருகிற வாரன்ட் முடியப் போவதையும் சொல்லி வைத்தேன்.

உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொல்லி, வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

"உனக்கு என்ன வந்துச்சு?" என்றார் வெற்றி.

"பொய் சொல்லி விக்கச் சொல்றீங்களா?"

வெற்றி காலி வடைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உண்மை பேசுவதில் இவ்வளவு வசதி இருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

ஜூன் 29, ஞாயிறு

வெற்றி ஃப்ளோட்டின் கேஸ் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். காலி. "ரொப்பி வச்சது எங்க போச்சு?"

"ஆவியாப் போயிருக்கும்" என்றேன்.

"ஆமாண்ணே, குளிர்ல அப்படி ஆகும்" என்றான் மதன். இவனுக்கு யார் பட்டம் கொடுத்தார்கள்? இருந்தாலும் இன்று அவனை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

ஜூலை 6, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

புதுசாகப் படம் எடுக்க வெற்றி சொல்லாமல் கொள்ளாமல் ஃப்ளோட் கதவைத் திறந்துவிட்டார். என் போர்வை, செருப்பு, புத்தகம், காப்பி ஃபில்டர் எல்லாம் உள்ளே. "என்ன இது, தனிக் குடித்தனமே நடத்தியிருக்கே!" என்று சிரித்தார்.

சிரிச்சார். அதான் தாங்கல. திட்டியிருந்தா பரவாயில்ல. "எனக்கு ஒரு கதவு வேணும்னு உங்களுக்கு ஒரு நாளாவது தோணுச்சா?"ன்னு கேட்டேன். "இவ்ளோ பெரிய வீடே உன்னோடது தானே"ங்கறார். எது என்னோடது? சமையல்கட்டா? அதுலயும் கிரிக்கெட் ஓடுது. இந்த வீட்ல நான் சும்மா உக்காந்திருந்தா யாராவது வந்து கரண்டி எங்கன்னு கேப்பாங்க. மதனைப் போகச் சொல்ல முடியாது, சரி. சொந்தம். வேலை இல்லாத பிள்ளை. வாடகையும் கேட்க முடியாது. அதுக்காக நான் ட்ரைவ்வேல குதிரை நிக்கிற இடத்துல போய் ஒளிஞ்சுக்கணுமா?

அழுதுவிட்டேன். ஃப்ளோட்டுக்குள்தான். வேறு இடம் ஏது?

ஜூலை 8, செவ்வாய்

வெற்றி இரண்டு நாளாக மீட்டிங்கில் ஹெட்போன் போட்டுக்கொள்கிறார். ஆனால் விளம்பரத்தை எடுக்கவில்லை. பணம் வேண்டும்தான், எனக்கும் தெரியும்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. "ஆடியில எதையும் விக்கக் கூடாது, ஆவணி வரட்டும்" என்று பெருமூச்சோடு சொல்லிப் பார்த்தேன். மதன் துள்ளிக் குதித்தான். "அண்ணி, சூப்பர்! ஆடித் தள்ளுபடி போட்டுருவோம்!"

இருபத்தேழாயிரம் ஆகிவிட்டது. என் வாயைத் தைக்க வேண்டும்.

ஜூலை 26, சனி

இன்று வந்தவர் பெயர் சவிதா. ஃபிஜிக்காரர். கராகாவில் குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக் கொடுக்கும் இடம் நடத்துகிறார். முன்னோர் நம் பக்கம்தானாம், ஆனால் தமிழில் அவருக்கு "வா, சாப்பிடு" மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் ஆங்கிலம். இங்கே எழுதுவது என் தமிழ்.

வழக்கம்போல் ரப்பர் மேட்டைத் தூக்கினேன். ஊறிய பலகையை அவர் பூட்ஸ் முனையால் குத்திப் பார்த்தார். "இன்னும் என்ன இருக்கு, சொல்லு சொல்லு" என்றார். கூரை, பிரேக், வாரன்ட் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பயந்து ஓடுவார் என்று பார்த்தால், "பதினெட்டாயிரம்" என்றார்.

மதன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வந்ததிலிருந்து இந்த ஊரில் அவனிடம் யாரும் இப்படி அடிமட்டத்துக்குக் கேட்டதில்லை. "அக்கா, இருபத்தாறரை" என்று ஆரம்பித்தான். அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கேட் வரை போனார். இவன் போகவிட்டான். அவரே திரும்பி வந்தார். டீ வந்தது, வடை தீர்ந்தது, மறுபடியும் உளுந்து ஊறப் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். வெற்றியும் நானும் படியில் உட்கார்ந்து டென்னிஸ் பார்ப்பதுபோல் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தோம். கடைசியில் இருபத்துமூன்றரை. தாரிணியின் பழைய சேணத்தையும் வாளிகளையும் தனி விலைக்கு அவர் தலையில் கட்டிவிட்டான்.

"பலகை மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று கிளம்பினார். காரில் ஏறும்போது மதனைக் காட்டி, "இவனைப் போல ஒருத்தன் என்னிடம் இல்லையே. போன் எடுக்க ஆளில்லாமல் பாதி வருமானம் போகிறது" என்றார்.

"ஃப்ளோட்டோட இவனையும் ஏத்திக்கிட்டுப் போங்க" என்றேன். எல்லாரும் சிரித்தோம்.

நான் சிரித்தேனே தவிர, பாத்திரம் கழுவும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

சவிதா கூப்பிட்டார். வெற்றியை அல்ல, என்னை. குறைகளை மறைக்காமல் சொன்னவள் நான்தானாம், அதனால் என்னிடம்தான் பேசுவாராம். பலகைக்காக இரண்டாயிரம் குறைக்க முடியுமா? அப்புறம், அந்தத் தம்பிக்கு நிஜமாகவே வேலை வேண்டுமா? சம்பளம் உண்டு. தோட்டத்து அறையைச் சரிசெய்யும் வரை அந்த ஃப்ளோட்டிலேயே தங்கிக்கொள்ளலாம்.

என் அறை போகும். என் அறை வரும்.

"மூவாயிரமே குறைச்சுக்கிறோம்" என்றேன்.

"யாரைக் கேட்டு?" என்று வெற்றி அலறினார். ஒரு வருடமாக மதனுக்கு ஆன சாப்பாட்டுச் செலவைப் பற்றி மெதுவாக இரண்டு வார்த்தை சொன்னேன். அலறல் நின்றது.

மதனுக்கு நம்பவே முடியவில்லை. அவன் வேலை பார்த்த போன் கடையை மூடியதிலிருந்து எத்தனை இடத்தில் வேலை கேட்டிருப்பான்! கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அண்ணி, குதிரை உதைக்குமா?" என்றான்.

"பின்னாடி நிக்காதே."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சவிதாவுக்கு மாலை ஐந்து மணிக்குத்தான் வர முடிந்தது. "அண்ணி, ராகு காலம்" என்று மதன் முரண்டு பிடித்தான். "இன்னிக்கு ஆடிப்பெருக்கு. தொட்டதெல்லாம் பெருகும், ஏறு வண்டியில" என்று தள்ளினேன். எனக்கு வேண்டியபோது வேண்டிய நாள் கிடைத்துவிடுகிறது.

பருப்புப் பொடி, ஊறுகாய், ஒரு கம்பளி. பெட்டியை எடுத்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். "நான் அந்த ரூம்ல இருந்தது உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும்ல?"

"சேச்சே" என்றேன்.

"ஃப்ளோட்ல உங்க ஃபில்டரை நான் முன்னமே பார்த்துட்டேன் அண்ணி. அண்ணன்கிட்ட சொல்லல. எனக்குப் போக வேற இடமில்ல, அதான்..."

ஃபில்டரை எடுத்து அவன் பையிலேயே வைத்தேன். ஃப்ளோட் தெருமுனை திரும்பியபோது எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எதற்கு எது என்று பிரிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

அறையைக் கழுவித் துடைத்தேன். மேசையை ஜன்னல் பக்கம் போட்டேன். வெற்றி தானே கடைக்குப் போய்த் தாழ் வாங்கி வந்து, அதைக் கதவின் உள்பக்கமாகப் பொருத்தினார். பாதியில் ஸ்க்ரூ கோணிக்கொண்டது. நான் கவனிக்காததுபோல் ஜன்னலைத் துடைத்தேன்.

இப்போது உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே மழை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

கதவு தட்டுகிற சத்தம். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷர் எந்தக் கதவையும் தட்டி நான் பார்த்ததில்லை.

"உள்ள வரலாமா?"

"என்ன வேலை?"

"ஒண்ணும் இல்ல. காப்பி போட்டேன். ரெண்டு பேருக்கும்."

"இருங்க, எழுதிட்டு இருக்கேன்."

"ஆறிடும் கண்மணி."

ஆறட்டும். இந்தப் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது.