டிராப் பண்ணிட்டானுவ

குற்றாலம்
செவ்வாய்க்கிழமை

மகாராணி தங்கத்தாய்க்கு உன் வீட்டுக்காரன் கும்பிட்டு எழுதுதது. முட்டுவலி எப்பிடி இருக்குட்டி? போன்ல பேசினா உனக்குக் காது கேக்கல, அதான் கடுதாசி.

சீசன் முடிஞ்சு லாட்ஜ்ல ஆளே இல்ல. வாட்ச்மேன் நான் மட்டும் செவத்தப் பாத்துப் பேசுதேன். ஞாயித்துக்கிழமை காலையில தென்காசி சைக்கிள் கிளப்புப் பயலுவ வாசல்ல வந்து நின்னானுவ. பேச்சுத்துணைக்கு ஆச்சேன்னு, "நானும் வரட்டுமாலே?"ன்னு கேட்டேன்.

அவனுவ தலைவன் செந்தில்வேல், "வேகமாப் போவோம் அண்ணாச்சி. இது டிராப் ரைடு"ன்னான்.

டிராப்புன்னா திரும்ப வாசல்லயே கொண்டாந்து விடுவான்னு நெனச்சு லாட்ஜ் சைக்கிள எடுத்துட்டேன். ஒருத்தனும் வாயத் தொறக்கல, மிதிச்சானுவ. செங்கோட்டை தாண்டினதும் ஒருத்தனையும் காணல. புளியறைகிட்ட எதுக்க திரும்பி வந்தானுவ.

"பிந்துனா விட்டுட்டுப் போயிருவோம். அதுக்குப் பேருதான் டிராப்பு"ன்னு சொல்லிட்டு செந்தில்வேலும் போயிட்டான்.

எனக்குச் சிரிப்பும் வரல, கோவமும் வரல. தனியா மிதிச்சு வந்து லாட்ஜ் கேட்டத் தொறந்தேன்.

பயப்படாத, அடி ஒண்ணும் இல்ல. கொஞ்சம் தைலமும் பழைய பனியனும் அனுப்பு. இந்த வயசுல இது தேவையான்னு ஏசுவ. அத மனசுக்குள்ளயே வச்சுக்கிடாம, நாலு பக்கம் எழுதி அனுப்புட்டி.

மோட்டார் போடணும், நிறுத்துதேன்.

இசக்கிமணி