ஏழு கிளைகளுக்கு ஒரு தம்பி

6 பிப்ரவரி

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். பேப்பரில் படம் பார்த்தேன், சற்று இளைத்திருக்கிறாய்.

போன் செய்தால் உன் உதவியாளர் எடுத்து, "எது சம்பந்தமா சார்?" என்கிறாள். தம்பி சம்பந்தமாக என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதனால் கடிதம்.

நீதிமன்றத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் அம்மாள், தன் மகளை உன் குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போயிருந்தார். மறுநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி சொன்னார்: "அந்த டாக்டரம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம் சார். ஒன்பது வயசுல பேச்சையே நிறுத்திட்டாராம். சுவத்துல எழுதி மாட்டியிருக்காங்க. படிச்சதும் அழுகையே வந்துடுச்சு."

"இப்ப எங்க இருக்காராம்?"

"போய்ச் சேர்ந்துட்டார் போலிருக்கு சார். 'இருந்தான்'னுதான் போட்டிருக்கு."

நான் என் டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

ஒன்பது வயதில் நான் வாயே ஓயாமல் பேசி அப்பாவிடம் அடி வாங்கியது உனக்குத் தெரியும். எனவே மூன்று சனிக்கிழமை லீவு போட்டு உன் ஆறு கிளைகளுக்கும் போய்ச் சுவரைப் படித்தேன். யாரும் என்னை அடையாளம் காணவில்லை. ஓரிடத்தில் டோக்கன்கூடக் கொடுத்தார்கள்.

குடிநோய்ப் பிரிவில் நான் குடிகாரன். தூக்க மருத்துவமனையில் நாற்பது நாள் கண் மூடாதவன். கம்பெனி ஊழியர்களுக்கான ஆலோசனைப் பிரிவில் வேலைப்பளு தாங்காமல் மேஜை மேல் சரிந்து விழுந்தவன். அப்போது எனக்கு வேலையே கிடைத்திருக்கவில்லை. தொலைபேசி ஆலோசனைப் பிரிவில், அன்று ஒருவர் போனை எடுத்திருந்தால் என் வாழ்க்கையே மாறியிருக்குமாம். நம் வீட்டில் போன் எங்கே இருந்தது அக்கா? சைக்கிள் கடை மாடியில் நீ முதலில் ஆரம்பித்த இடத்தில் மட்டும் பழைய பலகை ஒரே வரியில் இருக்கிறது: "என் தம்பிக்கு மனம் சரியில்லாமல் போனது." அது உண்மை.

ஆனால் மற்ற ஐந்திலும் ஒன்று மாறவில்லை. எல்லாச் சுவரிலும் நீ என் கட்டிலருகே இரவு பகலாக உட்கார்ந்திருக்கிறாய்.

நாளெல்லாம் சாட்சிகள் சொல்வதை எழுத்து விடாமல் எடுப்பவன் நான். இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கிளையில் நான் செத்தேன் என்று மட்டும் தெரிவித்தால் நல்லது.

தம்பி
(இப்போதைக்கு இருக்கிறேன்)


19 பிப்ரவரி

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சிரிப்பும் வந்தது, அதற்கப்புறம் சாப்பிட முடியவில்லை. 'இருந்தான்' என்பது விளம்பரப் பிரிவுப் பெண் செய்த தவறு. உடனே மாற்றச் சொல்லிவிட்டேன்.

மற்றதைத் தவறு என்று தள்ள முடியாது. நான் சொல்லித்தான் எழுதினார்கள். சைக்கிள் கடை மாடிக்கு வருபவர்கள் பாதிப் படியில் நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். டாக்டர் வீட்டிலேயே ஒருவருக்கு இருந்தது என்றால் மேலே ஏறி வந்தார்கள். அப்புறம் குடிநோய்ப் பிரிவு வந்தது. "தம்பி குடிப்பாரா மேடம்?" என்று கேட்டார்கள். "எப்போதாவது" என்றேன். அங்கே தொடங்கியது. ஒவ்வொரு பிரிவுக்கும் உன்னிடமிருந்து ஒரு துண்டு எடுத்தேன். இல்லாத துண்டையும் எடுத்தேன். ஆனால் ஏறி வந்தவர்கள் குணமாகிப் போனார்கள், அதையும் நினைத்துப் பார்.

ஒன்று கேட்கத்தான் நானே எழுத இருந்தேன். மார்ச் 28 அன்று ஏழாவது கிளை திறக்கிறோம். முதியவர்களுக்கு, ஞாபகம் தப்பியவர்களுக்கு. இதில் முதல் போடும் புதிய பங்குதாரர்கள் உன்னைப் பார்க்க விரும்புகிறார்கள். நீ பேச வேண்டாம். மேடையில் ஐந்து நிமிடம் என் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

இன்னும் அந்தக் காலர் கிழிந்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டு அலைகிறாயா? கோபப்படாமல் பதில் போடு.

உன் அக்கா


2 மார்ச்

அக்காவுக்கு,

சட்டை நன்றாகத்தான் இருக்கிறது.

மேடைக்கு வர மாட்டேன். அந்த ஒரு வருடத்தை மறைத்துத்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. இருபத்தேழு வருடமாக நீதிமன்றத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஞாபகம் தப்பியவர்களுக்கான கிளையில் நான் எதை மறந்தவனாக வருவேன் என்பதையும் ஊகிக்க முடிகிறது.

நீ மறந்தது இது. எனக்கு இருபத்திரண்டு வயது. எம்.ஏ. முடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மாடி வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் பதினொரு மாதம் கிடந்தேன். அம்மா வாராவாரம் ஞாயிறு இரண்டு பஸ் மாறி வந்தாள். நீ டாக்டர் படிப்புக் கடைசி வருடம், ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் இருந்தாய். ஹாஸ்டலில், தம்பி வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தாய். அம்மாதான் என்னிடம் சொன்னாள், அதுவும் உன் மேல் கோபமில்லாமல். கட்டிலருகே உட்கார்ந்திருந்தவள் அவள். அவள் பெயர் ஒரு சுவரிலும் இல்லை.

பதினொரு மாதம். நீ ஒரு நாள்கூட வரவில்லை.

குடிகாரன் என்று எழுது, ஊமை என்று எழுது, பொறுத்துக்கொள்கிறேன். கட்டிலருகே நீ உட்கார்ந்திருந்ததாக இன்னொரு முறை சொன்னால், அந்த அம்மாள் படித்ததே சரி என்று வைத்துக்கொள். உனக்குத் தம்பி இருந்தான்.

தம்பி


20 ஏப்ரல்

சின்னவனுக்கு,

திறப்பு விழா முடிந்து மூன்று வாரம் ஆகிறது. உனக்கு எழுத இப்போதுதான் தைரியம் வந்தது.

மைக் முன்னால் நின்றபோது கையில் விளம்பரப் பிரிவில் எழுதிக் கொடுத்த தாள் இருந்தது. "என் பெயரையே மறந்துபோன என் தம்பி" என்று ஆரம்பித்தது. நீ சொன்னபடியேதான். மடித்து வைத்துவிட்டேன். பிறகு, உன் கட்டிலருகே நான் இருக்கவில்லை என்று சொன்னேன். வெளிநாட்டுப் பொய்யைச் சொன்னேன். அம்மாவின் இரண்டு பஸ்ஸைச் சொன்னேன்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொன்னேன். ஒரே ஒரு நாள் வந்தேன். வியாழக்கிழமை, நாலு மணி இருக்கும். ஒரு பை நிறைய ஆரஞ்சு. கேட்டில் கால் சற்று இழுத்து நடக்கும் வார்டு உதவியாளர் ஒருவர் இருந்தார். மேலே போய்விட்டு வந்து, "தூங்குறார்மா. எழுப்பக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. பையை அவரிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அப்புறம் வரவே இல்லை. அந்த 'அப்பாடா'வை மூடி மறைக்கத்தான் இத்தனை வருடமும் கட்டடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

யாரும் கைதட்டவில்லை. பங்குதாரர்களில் ஒருவர் மட்டும் தேநீர் சாப்பிடும்போது, "இது தேவையா டாக்டர்?" என்றார். அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடாமலும் போகலாம். ஐந்து கிளைகளிலும் பலகைகளைக் கழற்றியாயிற்று. சுவரில் ஆணித் துளைகள் தெரிகின்றன. சைக்கிள் கடை மாடிப் பலகையை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்.

நீ பதில் போடாவிட்டாலும் வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். வருத்தம்தான்.

அக்கா


27 ஏப்ரல்

அக்காவுக்கு,

உன் வாக்குமூலத்தில் ஒரு திருத்தம்.

அன்று நான் தூங்கவில்லை. அந்த வார்டு உதவியாளர் மேலே வந்து, "உங்க அக்கா வந்திருக்காங்க, வரச் சொல்லவா?" என்று கேட்டார். "எனக்கு அக்கா இல்லை" என்றேன். இறங்கிப் போனார். திரும்பி வந்து ஆரஞ்சுப் பையைக் கட்டில் மேல் வைத்தார். "தூங்குறதா சொல்லிட்டேன் தம்பி. நீ சொன்னத அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்துச் சொல்ல வாய் வரல" என்றார். நீ பஸ் நிறுத்தத்துக்குப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ திரும்பிப் பார்ப்பாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. உனக்கு எழுதிய கடிதத்தில், 'ஒரு நாள்கூட வரவில்லை' என்று எழுதியபோது கை நிற்கக்கூட இல்லை. நீ ஆறு விதமாகச் சொன்னாய். நான் ஒரே விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் என்னுடையது உண்மை என்று இருந்துவிட்டேன்.

தூக்க மருத்துவமனைச் சுவரில் நீ எழுதியதில் ஒரு நாளாவது சரி. கண் மூடவில்லை.

ஆரஞ்சு புளிப்பு. பாதியைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்தேன். இனி வாங்கினால் கடைக்காரரை ஒன்று உரித்துக் காட்டச் சொல்.

வருகிற வியாழன் நீதிமன்றம் விடுமுறை. நாலு மணிக்கு வீட்டில் இருப்பேன். இங்கே மேலே போய்க் கேட்டு வர ஆள் கிடையாது. நானேதான் கதவைத் திறக்க வேண்டும்.

தம்பி