விறைத்த காலில் நின்ற அண்ணனுக்கு

லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்த என் அண்ணே,

சுகமா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. எங்கே இருக்கிறாய் என்றே தெரியாதவனிடம் கேட்டு என்ன பிரயோசனம்? ஒரு வயது மூத்தவன் என்பதால் பேருக்கு அண்ணே என்பேன், மற்றபடி நீ, வா, போதான். இப்போதும் அப்படியே எழுதுகிறேன். மரியாதை வேண்டுமென்றால் உயிரோடு இருந்து வாங்கியிருக்க வேண்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. சண்டை முடிந்துவிட்டதாம். மாத்தளை டவுனில் பட்டாசு வெடித்தார்கள். நான் வந்த எல்கடுவ பஸ்ஸை மறித்து எல்லாருக்கும் பாற்சோறு கொடுத்தார்கள். நானும் கை நீட்டி வாங்கினேன், வாங்காவிட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்களே. ஆனால் கைலேஞ்சியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கோழிக்குப் போட்டேன். "இனிமே ஆமி ரவுண்டப் கிவுண்டப் ஒண்ணும் இருக்காது தங்கச்சி" என்று பக்கத்து சீட்டு அக்கா சொன்னார். எனக்குச் சந்தோஷமே வரவில்லை அண்ணே. இது கொஞ்சம் முந்தி முடிந்திருக்கக் கூடாதா?

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இப்போது நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன கிழமை நரம்புப் பாடம். கரும்பலகையில் முள்ளந்தண்டை வரைந்தேன், அதற்கு மேல் கை ஓடவில்லை. பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஒவ்வொரு வருசமும் அந்தப் பாடம் வருமே, என்ன செய்யப் போகிறேன்?

உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்கிறேன், பொறுத்துக்கொள். பேப்பரில் இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும்.

பல்லேபொலயில் ஒரு தோட்டத்தில் கராம்பு பறிக்கப் போன இடத்தில் கொப்பு முறிந்து விழுந்தாய். முதுகுத்தண்டு போனது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, ஆனால் கால் மட்டும் சும்மா இருக்கவில்லை. போர்வை பட்டால் உதைக்கும். ஈ உட்கார்ந்தால் துடிக்கும். சில நேரம் இரண்டு காலும் கம்பு மாதிரி விறைத்துக்கொள்ளும், நீ பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாய். அம்மா நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே போய்விட்டாள். அப்பாவும் நானும்தான் ஆளுக்கொரு காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருப்போம். லயத்துச் சனம் மட்டும் சந்தோஷப்பட்டது. "கால் அசையுதே, எந்திரிச்சிருவான்" என்றார்கள்.

கிளினிக்கில் இருந்த சின்ன டொக்டர்தான் அது குணமாகிற அடையாளம் இல்லை என்று விளக்கினார். நரம்பின் முனை ஒரு இரசாயனத்தைக் கசிய விட்டு அடுத்த நரம்பைக் கிளப்புமாம். அது தசையை இழுக்கச் சொல்லும். கசிந்தது போதும் என்று அடக்குவதற்குக் காபா என்று இன்னொரு பொருள் உடம்பிலேயே இருக்கிறது. அது வந்து உட்காருவதற்கு நரம்பு முனையில் இடம் இருக்கிறது, எங்கள் பாடப்புத்தகத்தில் அதை 'வாங்கி' என்பார்கள். காபா அதில் உட்கார்ந்தால் கசிவு குறையும், தசை தளரும். உனக்குத் தண்டு அறுந்ததால் மூளையின் அதட்டல் கீழே போகவில்லை. லயத்தில் எல்லாரும் ஒரே நேரம் சத்தம் போட, போதும் என்று சொல்ல ஒருத்தரும் இல்லாத மாதிரி உன் கால்கள் ஆகிவிட்டன. அவர் தந்த பெக்லோஃபென் மாத்திரை காபாவின் இடத்தில் உட்கார்ந்து அந்தப் போதும் என்பதைச் சொல்கிற மருந்து.

"ஒரேயடியா நிப்பாட்டக் கூடாது. உடம்பு அதுக்குப் பழகிரும். குறைக்கணும்னா கொஞ்சம் கொஞ்சமா நாங்கதான் குறைப்போம்" என்று அவர் சொன்னபோது நீயும் தலையாட்டினாய். ஆட்டினாயா இல்லையா?

மாத்திரை வேலை செய்தது. கால் அடங்கியது, ராவில் தூங்கினாய். ஆனால் உனக்குத்தான் பிடிக்கவில்லை. முந்தியெல்லாம் அப்பா தூக்கி நிறுத்தினால், அந்த விறைப்பிலேயே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாய். இப்போது நிறுத்தினால் மடிந்து விழுந்தாய். "இங்க பாரு, வெந்த சேமியா" என்று காலைத் தட்டிக் காட்டிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்.

பிறகு அந்த ரவுண்டப். வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்கு ஆட்கள் கிளம்புகிற விடியற்காலை, ஆமி வந்து லயத்தையே வெளியே வரச் சொன்னது. நீ வரவில்லை, வர முடியாது. உள்ளே வந்தவன் எழும்பு என்று சிங்களத்தில் சொன்னான். மரத்திலிருந்து விழுந்தவன் என்றேன். வயசுப் பையன், முதுகில் தழும்பு, நடக்க முடியாது. எந்தச் சண்டையில் வெடி பட்டது என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். உன்னைத் தூக்கப் பார்த்தபோது அப்பா குறுக்கே விழுந்து, "என்னைக் கொண்டு போங்க, அவனை விடுங்க" என்று கும்பிட்டார். அவரையே கொண்டு போனார்கள். வீங்கின முகத்தோடு அப்பா திரும்பி வந்தபோது நீ அவரைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அன்றைக்கு நீ மனதுக்குள் என்ன முடிவெடுத்தாய் என்று எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. என்னிடமாவது?

மறுபடி அவர்கள் வந்த காலை, நான் வாசல் இஸ்தோப்பில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் நிலையைப் பிடித்துக்கொண்டு நீ நிற்கிறாய். பக்கத்து வீட்டு அண்ணனைத் தூக்கிவிடச் சொல்லி, சட்டை போட்டு, தலை சீவி நிற்கிறாய். கால் இரண்டும் இரும்பு. அடையாள அட்டையை ஒரு கையால் நீட்டினாய். ஆமிக்காரன் பார்த்தான், திருப்பித் தந்தான், அடுத்த வீட்டுக் காம்பராவுக்குப் போய்விட்டான். அவ்வளவுதான். அப்பா அழுதார். மாரியம்மன் கண் திறந்தாள் என்று தேங்காய் உடைக்க ஓடினார்.

அன்று பின்னேரமே காய்ச்சல் தொடங்கியது. உடம்பே அனலாகி, கால் மட்டுமில்லை, வயிறு, கை, தாடை எல்லாம் இறுகி வலிப்பு வந்தது. தேயிலைக் கொழுந்து லொறியில் போட்டு டவுனுக்குக் கொண்டுபோனோம். மாத்திரை ஒழுங்காகக் குடித்தானா என்று கேட்டார்கள். "நான்தான் என் கையால குடுத்தேன், ஒரு வேளை தவறல" என்று அப்பா சத்தியம் செய்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கொடுத்தார், நீ விழுங்கவில்லை.

கருமாதிக்குப் பிறகு வழக்கப்படி உன் பாயையும் தலகாணியையும் ஆற்றோரம் எரிக்கப் போனேன். தலகாணி உறையைப் பிரித்ததும் பஞ்சோடு மாத்திரைகள் கொட்டின. வாய்க்குள் ஒதுக்கி வைத்திருந்து துப்பினவை, பாதி கரைந்து பஞ்சில் ஒட்டியிருந்தன. எத்தனை நாள் பழக்கம் அது? நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உன்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இன்னும் போகவில்லை.

அப்பாவுக்கு இது தெரியாது. லயத்தில் எல்லாரும் ஆஸ்பத்திரி மாத்திரைதான் உன்னைக் கொன்றது என்கிறார்கள். அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். தன் பிரஷர் மாத்திரையைத் தொடுவதே இல்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் வீட்டுக்கே வந்து, இப்படியே விட்டால் ஒரு பக்கம் இழுத்துவிடும் என்று எச்சரித்துப் போனார். நான் கையில் வைத்துக் கெஞ்சினால், "ஊட்டி ஊட்டித்தானே அவனைக் கொன்னேன், போதும்மா" என்கிறார். இப்போது தலைசுற்றல் வேறு. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற மலையில் போன கிழமை விழுந்து, கத்தி காலில் பட்டுவிட்டது.

மாத்திரை கொல்லவில்லை, குடிக்காமல் விட்டதுதான் கொன்றது என்று சொன்னால் அவர் மருந்து குடிக்கலாம். ஆனால் அடுத்த கேள்வி, ஏன் குடிக்கவில்லை? அதற்குப் பதில் அவர்தான். அவரை மறுபடி யாரும் கொண்டுபோகக் கூடாது என்றுதானே நின்றாய். சொன்னாலும் போய்விடுவார், சொல்லாவிட்டாலும் போய்விடுவார் போலிருக்கிறது. என்னை இப்படி ஒரு இடத்தில் மாட்டிவிட்டுப் போனாயே, இது நியாயமா?

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்கு இதை அனுப்பப் போகிறேன். அது வெளிவருமுன் அப்பாவிடம் நானே சொல்லிவிடுவேன், இது உனக்குத் தருகிற வாக்கு. பிறகு அவர் மாத்திரையை எடுப்பாரா, என் முகத்தைப் பார்ப்பாரா, ஒன்றும் தெரியாது. நல்லது நடக்கும் என்று நம்பவும் எனக்குத் தெம்பில்லை. ஆமி கொண்டுபோன அன்றைக்கு வாங்கிய அடியில் அவருக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது. உன்னிடம் காட்டிக்கொள்ளக் கூடாது என்று எனக்குக் கட்டளை போட்டிருந்தார். வலது பக்கமாக ஒட்டி உட்கார்ந்து, சத்தமாக, ஒரே தடவையில் சொல்வேன். இரண்டாம் தடவை சொல்ல என்னால் முடியாது அண்ணே.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத,
உன் கூடப்பிறந்தவள்
செல்வி