அழுக்கு உன் கையில இல்ல, அக்கா

என் ஆசை அக்கா அலமேலுவுக்கு,

நீ இருக்கற இடத்துல தண்ணி நல்லா இருக்கணும். இங்க நல்லா இல்ல. அதச் சொல்லத்தான் எழுதறேன். அஞ்சாவதோட நின்னவ எழுத்து, தப்பு இருந்தா உனக்குத் தெரியவா போவுது? நீ அந்த அஞ்சும் படிக்கல.

உன்னை அடக்கம் பண்ணின மறுவாரம் உன் மக கனகா இட்லிக் கடையைத் திறந்தா. ஒருத்தரும் வரல. கல்வராயன் மலையிலருந்து எறங்கி வர்ற சனங்ககூட நம்ம கடையைத் தாண்டிப் போயி பன்னு வாங்கித் தின்னாங்க. ஏன்னு கேட்டா, "வயித்துக் கிருமி ரத்தத்துல ஏறித்தானே ஒங்கக்கா செத்தா? அந்தக் கையாலதானே எங்களுக்கு மாவு கரைச்சா?"ங்கறாங்க.

ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னது என் காதுல இன்னும் இருக்குது. எல்லார் வயித்துலயும் இருக்கற ஜாதிக் கிருமிதான், உனக்கு மூத்திரத்துல எறங்கி ரத்தத்துல ஏறிடுச்சு, எந்த ஊசிக்கும் அடங்கலன்னார். கை அழுக்குன்னு அவர் சொல்லவே இல்ல. அந்தப் பேச்சை மொதல்ல எடுத்தவரு கோழிப்பண்ணைக்காரர். ஊரே அதைப் புடிச்சிக்கிச்சு. நீ இருந்திருந்தா கரண்டியோட போயி நின்னிருப்பே.

அப்பறம் மருத்துவக் கல்லூரியிலருந்து ஒரு டாக்டர் பொண்ணு ஆளுங்களோட வந்துச்சு. அந்தக் கிருமி மனுசன், மாடு, கோழி, சாப்பாடு, தண்ணி எதுல எதுல இருக்குதுன்னு தேடணுமாம். இடஒதுக்கீடு போராட்டம் சூடா இருக்கற நேரம். வூடு வூடா பேரு எழுதறாங்கன்னதும், சாதிவாரியா தலை எண்ண வந்துட்டாங்கன்னு ஊரே நெனச்சிக்கிச்சு. நம்ம பெரியப்பா பெங்களூருல இருக்கற மகனையும் சேத்துச் சொன்னாரு. "மருமவ முழுகாம இருக்குது, அதையும் ஒரு தலையா எழுதிக்கம்மா"ன்னாரு.

அந்தப் பொண்ணு மூடி போட்ட டப்பாவை நீட்டி, "காலையில வெளிய போறப்ப இதுல கொஞ்சம் எடுத்துக் குடுங்க ஐயா"ன்னுச்சு.

"ஓட்டு கேட்டு வந்தவன் உண்டு, மனுவுல கையெழுத்து கேட்டு வந்தவன் உண்டு. இத கேட்டு வந்தவங்கள இப்பதான்மா பாக்கறேன்!"ன்னாரு பெரியப்பா.

தெரு காலியாயிடுச்சு. நான் போயி டப்பாவை வாங்கினேன். பண்ணைக்காரர் எதிர வந்தாரு. "இன்னாடி பூங்காவனம், ஊரு நாத்தத்த டவுனுக்கு ஏத்தி அனுப்பறியா?"

"ஆமாங்க. ஒங்க வூட்டு டப்பாவையும் குடுத்தீங்கன்னா ஒண்ணா போவும்ங்க. அப்படியே கோழி குடிக்கற தண்ணியையும் பாக்கட்டும்."

"பண்ணைக்குள்ள எவனாச்சும் கால வெச்சிப் பாக்கட்டும்!"

"உள்ள எதுக்குங்க வரணும்? ஒங்களுதுதான் வாய்க்கால்ல வெளிய வந்துக்கினே இருக்குதே."

கதவுக்குப் பின்னால எவளோ சிரிச்சிட்டா. அந்தச் சிரிப்புலதான் பொம்பளைங்க ஒவ்வொருத்தியா கை நீட்டினாங்க. பண்ணைக்காரர் சம்சாரம் கொல்லைப் பக்கமா வந்து ஒரு டப்பா வாங்கிக்கினு போனாங்க.

சோதனை முடிவு வந்துச்சு. யார் யாருக்குன்னு அந்தப் பொண்ணு வெளிய சொல்லல. தனித்தனியாக் கூப்பிட்டுச் சொல்லுச்சு. மருந்துக்கு அடங்காத அந்தக் கிருமி என் வயித்துல இருக்குது. ஊருலயும் பல பேருக்கு. கோழிக் கறியில, வாய்க்கால்ல, நம்ம கெணத்துல. நோவு இல்லாத கோழிக்கும் தண்ணியில மருந்து கலந்து கலந்து குடுத்தா கிருமி பழகிக்குமாம். நாமளும்தானே காய்ச்சல்னா கடையில ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கினோம்?

உன்கிட்ட மறைக்க மாட்டேன். கனகா கையைப் பஞ்சால துடைச்சிப் பாத்தாங்க, கிருமி இல்ல. வெந்த இட்லியில இல்ல. சட்டினியில இருந்துச்சு, கெணத்துத் தண்ணி ஊத்தி அரைச்சது. இப்ப கொதிக்க வெச்ச தண்ணிதான் ஊத்தறோம். கேக்கறவங்களுக்கெல்லாம் இதை அப்படியே சொல்றேன். பாதிப் பேரு வர்றாங்க, பாதிப் பேரு இன்னும் வரல.

"கோழியிலருந்து எங்கக்காவுக்கா, எங்ககிட்டருந்து கோழிக்கா?"ன்னு அந்த டாக்டர் பொண்ணைக் கேட்டேன். உறுதியா சொல்ல முடியாதுக்கான்னுச்சு. எனக்குக் கோவமா வந்துச்சு. உன் சாவுக்கு ஒரு ஆளு வேணும்னு மனசு கேக்குது. யாரைக் கேக்கறது நான்? பங்குக்குச் சண்டை போடற ஊருல, அந்தக் கிருமி மட்டும் நீ இன்னா ஆளுன்னு கேக்காம எல்லார் வயித்துலயும் குந்திக்கினு இருக்குது.

ஆனா ஒண்ணு தெரியும். பண்ணை எருவைக் கரும்புக்குப் போடறேன்னு நம்ம கெணத்து மேட்டுலதான் கொண்டாந்து கொட்டறாங்க. மழை பேஞ்சா நேரா உள்ள எறங்குது. நாளைக்கும் டிராக்டர் வரும், மறிக்கப் போறேன். "பொம்பளைங்க போராட்டத்துக்கு எவன் வருவான்?"னு பெரியப்பா கேக்கறாரு. வர வேணாம். கனகா வர்றா, பண்ணைக்காரர் சம்சாரமும் வர்றேன்னிருக்காங்க, வந்தாத்தான் நிஜம்.

யாரும் வரலன்னாலும் நான் மேட்டுல குறுக்க குந்துவேன் அக்கா. அந்த வண்டி கொட்டாமத் திரும்பிப் போற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன். அடுத்த வண்டிக்கும் அப்படித்தான். உன் மேல சத்தியம்.

உன் எச்சில் சோத்தைத் தின்னு வளர்ந்த தங்கச்சி,
பூங்காவனம்