சின்ன ரவா, பெரிய றவா

பிப்ரவரி 28, வெள்ளி

மாட்டிக்கொண்டேன். இரண்டே எழுத்துக்காக.

மண்டப வாசலில் தொங்கிய ‘பள்ளி ஆண்டு விழா’ பதாகையில் ‘ள்ளி’ மேல் ‘ல்லி’ ஒட்டினேன். பல்லி ஆண்டு விழா. தமிழ் தெரியாத முதல்வர் அதன் முன்னால் நின்று சிறப்பு விருந்தினரோடு படம் எடுத்துக்கொண்டார். தமிழாசிரியருக்குத் தமிழ் தெரியும். அதுதான் சிக்கல்.

தண்டனை: ஜாலான் புசாரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருபது மணி நேரச் சேவை. “எழுத்தோட விளையாடத்தானே பிடிக்கும்? அங்க எழுத்து வேலைதான்” என்றார் ஆசிரியர். அவர் சிரித்த விதம் சரியில்லை.

அம்மா: “பெதானி, சர்ச்சுல உனக்காக என்னன்னு ஜெபம் பண்றது?”

பல்லிகளுக்காக ஜெபியுங்கள் என்றேன். கைபேசி பறிமுதல்.

மார்ச் 2, ஞாயிறு

தேவாலயம் முடிந்து நேராகத் தண்டனைக்கு. கீழே இரும்புச் சாமான் கடை, மாடியில் தொண்டு நிறுவனம். ஊரிலிருந்து வேலைக்கு வந்து துவாஸ் தொழிலாளர் விடுதிகளில் இருக்கும் அண்ணன்கள் ஞாயிறானால் பக்கத்துத் தேக்கா கடைத்தெருவுக்கு வருவார்கள். சிக்கல் உள்ளவர்கள் இந்த மாடிக்கும் ஏறுவார்கள். நடத்துபவர் கதீஜா அக்கா. பல்கலைக்கழகத்திலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி நிரஞ்சனா அக்கா.

“ரம்புத்தான்னு ஒரு திறந்த மூலத் திட்டம்…” என்று நிரஞ்சனா அக்கா ஆரம்பித்தார்.

“திறந்த மூலமா? அதுக்கு டாக்டரைத்தான் பாக்கணும் லா.”

கதீஜா அக்காவுக்குத் தேநீர் மூக்கில் ஏறியது. நிரஞ்சனா அக்கா சிரிக்கவில்லை. திறந்த மூலம் என்றால் செயலியின் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம் என்று அர்த்தமாம்.

எனக்குப் புரிந்தவரை: ரம்புத்தான் என்பது சான்றிதழ்களைச் சங்கிலியில் பூட்டிவைக்கும் செயலி. சங்கிலியின் நகல் உலகமெங்கும் ஆயிரம் கணினிகளில் இருக்கிறது. யாராலும் அறுக்க முடியாது. (சிராங்கூன் சாலை நகைக்கடைக்காரர்கள் கவனிக்க.) செய்பவர்கள் பல நாட்டுத் தன்னார்வலர்கள், ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. பல்கலைக்கழகம் ஒரு கணினியையும் நிரஞ்சனா அக்காவையும் கொடுக்கிறது. தொண்டு நிறுவனம் தேநீரையும், செயலியை நிஜமாகவே பயன்படுத்தப்போகும் ஆட்களையும் கொடுக்கிறது. நான் கொடுக்க வேண்டியது முந்நூறு சொற்கள்.

கைபேசி தொலைந்தால், செயலி ஒவ்வொருவருக்கும் கொடுத்த பன்னிரண்டு சொற்கள்தான் சாவி. வரிசை மாறாமல் தட்டினால் எல்லாம் திரும்பி வரும். அந்தச் சொற்கள் 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து வரும். தமிழுக்குப் பட்டியலே கிடையாது. அதைத்தான் இப்போது செய்கிறார்கள். ஒரே விதி: எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்கக் கூடாது.

மார்ச் 5

யானை. பூனை. பானை. நான் என்ன பாலர் பள்ளியா?

பாலர் பல்லியா?

…அட.

மார்ச் 8, சனி

முந்நூறும் முடிந்தது! பல்லி, பள்ளி. அரை, அறை. கரி, கறி. வலி, வளி, வழி. எல்லாமே இப்படித்தான். நிரஞ்சனா அக்கா சரிபார்க்கும் நிரலை ஓட்டினார்: பச்சை. எழுத்து வேறு வேறுதானே! கணினிக்குக் காது கிடையாது.

லிஸ்பனிலிருந்து யாரோ மூன்று கட்டைவிரல் போட்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் ‘வணக்கம்’.

மார்ச் 16, ஞாயிறு

சோதனைப் பதிப்பு வந்துவிட்டது. இறுதிப் பதிப்பு மே மாதம். அப்புறம் பட்டியலில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாதாம். மாற்றினால் பழைய சாவிகள் செத்துவிடும்.

முதல் ஆள் சின்னத்தம்பி அண்ணன், புதுக்கோட்டைக்காரர், வெல்டர். அவருடைய சான்றிதழ் மழையில் நனைந்து அப்பளமாகியிருந்தது. திருச்சியில் அவர் படித்த பயிற்சி நிலையத்தையே கதீஜா அக்கா கையொப்பமிட்டுச் சங்கிலியில் ஏற்ற வைத்தார். கைபேசித் திரை சிலந்தி வலை மாதிரி உடைந்திருந்ததால், பன்னிரண்டு சொற்களை நான் படிக்க அவர் தாளில் எழுதினார். “படிச்சதும் மறந்துடணும்” என்று நிரஞ்சனா அக்கா சத்தியம் வாங்கினார். மறதி எனக்கு இயற்கை.

நடுவில் அண்ணன் தலையைச் சொறிந்தார். “தங்கச்சி, இது சின்ன ரவா, பெரிய றவா?”

“ரவாவா? உப்புமா கிண்டப் போறீங்களாண்ணே?”

வரிசையில் நின்ற பதினைந்து பேரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார். அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை.

இந்த வருடத்தின் சிறந்த ஜோக். நானே எனக்குக் கொடுத்த விருது.

ஏப்ரல் 6, ஞாயிறு

சின்னத்தம்பி அண்ணனின் கைபேசி வேலையிடத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. புதுக் கைபேசியில் பன்னிரண்டு சொற்களையும் தட்டினார். ‘பொருந்தவில்லை.’ மறுபடி. ‘பொருந்தவில்லை.’

திருச்சி நிலையத்தைப் போன வாரம் மூடிவிட்டார்களாம், மறுபடி ஏற்றித் தர ஆளில்லை. புதன்கிழமை புதுக் கம்பெனியில் சான்றிதழைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வெல்டர் இல்லை, சாதாரண எடுபிடி வேலைதான்.

“எந்தச் சொல் தப்புன்னே தெரியாம 2048 சொல்லையும் எங்க போய்த் தேடுறது?” என்றார் நிரஞ்சனா அக்கா.

“என் தப்புதாம்மா” என்றார் அண்ணன். “எட்டாவதோட நின்னவன். எனக்குத் தமிழே ஒழுங்கா எழுத வராது.”

அந்தத் தாளைப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து.

நான் ஒண்ணும் சொல்லல. ஏன் சொல்லல? வாய் மூடவே மூடாதே எனக்கு — இன்னிக்கு மட்டும் என்ன ஆச்சு?

ஏப்ரல் 7, திங்கள்

சொன்னா இதுவரை செஞ்ச சேவை மணி நேரமெல்லாம் ரத்து. திட்டத்துலேர்ந்து என் பேரை எடுத்துடுவாங்க. ஆசிரியர் அதே சிரிப்பைச் சிரிப்பார்.

சொல்லலைன்னா ஒருத்தருக்கும் தெரியாது. அண்ணன் காலம் பூரா தனக்குத் தமிழ் வராதுன்னு நெனச்சுக்கிட்டே இருப்பார்.

சீ.

நாலரை மணிக்கு அம்மாவின் கைபேசியிலிருந்து நிரஞ்சனா அக்காவுக்குப் போன் போட்டேன். ஒரே மாதிரி கேட்கும் சொற்களை வேண்டுமென்றே வைத்ததைச் சொன்னேன்.

“எத்தனை ஜோடி வெச்ச?”

“எல்லாமே ஜோடிதான்கா. சிலது மூணு.”

ஏப்ரல் 8, செவ்வாய்

சாயங்காலம் அண்ணன் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு துவாஸிலிருந்து வந்தார். தாளில் இருந்த பன்னிரண்டில் நான்கு என் திருவிளையாடல்: அரை, கரி, வலி, பள்ளி. மூன்றுக்கு இரண்டு வழி, ஒன்றுக்கு மூன்று. பெருக்கினால் இருபத்து நான்கு. “2048 எங்க, இருபத்து நாலு எங்க!” என்று நிரஞ்சனா அக்கா மேசையைத் தட்டினார். திட்டுவதற்கு முன்பே சந்தோஷம் வந்துவிட்டது அவருக்கு.

நான் எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னேன். பதாகையிலிருந்து ஆரம்பித்து. ரவா வரைக்கும்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது: “அப்ப, நான் எழுதுனதுல தப்பில்லையா?”

“காதுல விழுந்தத அப்படியேதான் எழுதியிருக்கீங்கண்ணே. கேட்டப்ப நான்தான் சொல்லல.”

தாளை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். “சரி, தட்டு.”

பத்தொன்பதாவது முயற்சியில் திறந்தது. அறை, கறி, வழி, பல்லி.

“பல்லியா!” என்றார். “படிச்ச பொண்ணு சொல்லுது, பள்ளியாத்தான் இருக்கும்னு மரியாதையா எழுதுனேன்.” இருமல் வரும்வரை சிரித்தார். கதீஜா அக்கா முதுகில் தட்டிவிட வேண்டியிருந்தது.

ஏப்ரல் 9

வேலை கிடைத்துவிட்டது. வெல்டராகவே!!

ஏப்ரல் 13, ஞாயிறு

ரம்புத்தான் ஆட்களுக்கு நானே எழுதினேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஒரு விதியும் கேட்டேன்: காதுக்கு ஒன்றாகக் கேட்கும் சொற்களில் ஒன்றுதான் பட்டியலில் இருக்க வேண்டும். கீழே பல்கலைக்கழகமும் தொண்டு நிறுவனமும் பெயர் போட்டன. என் பெயருக்கு மேலே. நியாயம்தான்.

ஏப்ரல் 16

டாக்காவிலிருந்து ஒருவர் பதில்: ‘எங்கள் மொழியிலும் ஒரே மாதிரி ஒலிக்கும் மூன்று ஸ உண்டு, எங்களுக்கும் இந்த விதி வேண்டும்.’ லிஸ்பன்காரர் இந்தத் தடவை கட்டைவிரல் போடவில்லை. ‘எப்படிச் சோதிப்பது?’ என்று கேட்டார்.

எங்களிடம் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது என்று எழுதினேன்.

மே 4, ஞாயிறு

நான் படிக்க, நாற்பது அண்ணன்கள் எழுத, நிரஞ்சனா அக்கா எண்ண, இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதிய ஜோடியில் ஒன்றுக்குத்தான் இடம், மற்றது வெளியே. பள்ளியா, பல்லியா என்று பெரிய சண்டை. நிரஞ்சனா அக்கா பள்ளி பக்கம். சின்னத்தம்பி அண்ணன் எழுந்து, “டார்மிட்டரில தினமும் பாக்குறது பல்லியத்தான்” என்றார். முப்பத்தொன்பது கை உயர்ந்தது.

என் இருபது மணி நேரம் போன வாரமே முடிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. கதீஜா அக்காவும் கேட்கவில்லை.

மே 18, ஞாயிறு

இறுதிப் பதிப்பு வெளியானது. சோதனைக்கு வந்தவர்களுக்கெல்லாம் புதுச் சாவி கொடுத்தாயிற்று. இனி ஒரு புள்ளியையும் மாற்ற முடியாது.

புதிதாக ஒன்பது பேருக்குச் சொற்களைப் படித்தேன். ஒருவர் கையைத் தூக்கினார்: “சின்ன ரவா, பெரிய றவா?” நாக்கு நுனி வரை உப்புமா வந்தது. விழுங்கினேன். “பெரிய ற. தப்பா எழுதினாலும் பரவால்லண்ணே, மத்தது பட்டியல்லயே இல்ல.”

கிளம்பும்போது மேசையில் ஒரு டப்பா. மூடியில் ஒட்டிய தாளில் அந்த முத்து முத்தான கையெழுத்து: ‘பல்லி மாணவி பெதானிக்கு.’

உள்ளே ரவா உப்புமா.

படிக்கட்டில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த சின்னத்தம்பி அண்ணனிடம் ஓடினேன். “அண்ணே, இது தெரிஞ்சு எழுதுனதா, தெரியாம எழுதுனதா?”

“ஆறிடும். சாப்பிடு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பல்லி சாப்பிட்டது.