நான்கு மணி பத்து நிமிடம்

மார்ச் 3

அன்புள்ள உருண்டைக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அம்மாவுக்கு இதய வால்வு சுருங்கிக்கொண்டே வருகிறதாம். இருபதாம் தேதி ஆபரேஷன். போனில் சொல்லலாம் என்றால் நீ எடுத்தால்தானே. "இதோ கூப்பிடுறேன்க்கா" என்று வைத்து மூன்று வாரம் ஆகிறது.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது, விமான டிக்கெட் போடும் ஆபீசில். முதல் நாள் கம்ப்யூட்டரில் பழகச் சொன்னார்கள். உன் ஊரையும் நம் ஊரையும் போட்டுப் பார்த்தேன். இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், தினம் ஒரு நேர் விமானம், நான்கு மணி பத்து நிமிடம். மூன்று விமானம் மாறி இரண்டு நாள் ஆகும் என்றல்லவா அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறாய்? நீ வந்த இரண்டு தடவையும், உட்கார்ந்தே வந்த கால் என்று உனக்குக் கால் பிடித்துவிட்டாளே. புதிதாக விட்டிருக்கிறார்களா என்று பக்கத்து சீட்டுக்காரியைக் கேட்டேன். ஒன்பது வருடமாகப் பறக்கிறதாம். நீ போய் ஏழு வருடம்தான் ஆகிறது.

அம்மாவிடம் மூச்சு விடவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் ஒருமுறை முகத்தைக் காட்டிவிட்டுப் போ.

அன்புடன்,
அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை கிடைத்ததில் சந்தோஷம். அதற்காகத் தம்பியையே வேவு பார்க்க வேண்டுமா? லீவு கேட்டு மேனேஜர் காலில் விழும் நேரத்தை எந்தக் கம்ப்யூட்டர் காட்டும்?

உள்ளதைச் சொல்கிறேன். பக்கம் என்று தெரிந்தால் அம்மா தும்மினால்கூட வா என்பாள். அதனால்தான் அப்படிச் சொன்னேன். யாருக்கு என்ன நஷ்டம்? இப்போது கம்பெனி குடோனை வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறோம், அசைய முடியாது. ஏப்ரலில் வந்து பத்து நாள் இருக்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிடாதே.

உன் தம்பி

மார்ச் 13

அன்புள்ள தம்பிக்கு,

சொல்லமாட்டேன். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். "ரெண்டு நாள் தூரம், நெனச்ச நேரத்துக்கு ஓடி வர முடியுமா சொல்லுங்க" என்று பக்கத்துப் படுக்கைக்காரியிடம் உனக்காக வாதாடுகிறாள். கேட்க எனக்கு உடம்பு கூசுகிறது. பதினெட்டாம் தேதிக்கு உன் பெயரில் ஒரு சீட் பிடித்து வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அக்கா

மார்ச் 26

அக்கா,

நீ போனை எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். எல்லாம் முடிந்த பிறகு அம்மா போய்விட்டாள் என்று சொல்கிறாயே, நீ மனுஷிதானா? அன்று காலையிலேயே கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனே. நான்கு மணி நேரம்தானே, அக்கா. சனிக்கிழமை வருகிறேன். நீ பதில் சொல்லியாக வேண்டும்.

தம்பி

மார்ச் 30

தம்பிக்கு,

பத்தொன்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. "ஆபரேஷன் வரைக்கும் தாங்காதும்மா, பையனுக்குச் சொல்லிடுங்க" என்றார் டாக்டர். உன் நம்பரை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. அவன் வந்து சேர்றதுக்குள்ள நான் போயிடுவேன். ரெண்டு நாளும் தெரியாதவங்க நடுவுல உட்கார்ந்து அழுதுட்டே வருவான். எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லு. சத்தியம் பண்ணு."

நம் நேரப்படி பதினொரு மணி விமானத்தைப் பிடித்திருந்தால் மூன்றேகாலுக்கு இங்கே இறங்கியிருப்பாய். அம்மா ஆறு மணிவரை இருந்தாள்.

உண்மை என் வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் உன்னைப் பார்த்துவிட்டுப் போயிருப்பாள். ஏழு வருடம் அவளை ஏமாற்றியதையும் தெரிந்துகொண்டு போயிருப்பாள். சத்தியம் பண்ணிக்கொடுத்தேன். செய்தது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. உன்னையும் மன்னிக்க முடியவில்லை, என்னையும் முடியவில்லை.

கடைசிவரை அவளுக்கு உன்மேல் ஒரு வருத்தமும் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

சனிக்கிழமை வா. சாவி மாடிவீட்டு டெய்லரிடம் இருக்கும். அம்மாவின் பெட்டியிலிருந்து உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள். ஆறு மணிக்கு ஆபீஸ் விட்டு வருவேன். அதற்குள் கிளம்பிவிடு.

அக்கா